குழந்தையின் பெயர்: எழுத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று மாதக்கணக்கில் யோசிக்கிற பெற்றோர், அதை எப்படி எழுதுவது என்று ஐந்து நிமிடம்கூட யோசிப்பதில்லை. பெயர்ப் பட்டியல் பேறுகாலத்துக்கு முன்பே தயாராகிவிடுகிறது. பெரியவர்கள் எல்லாரும் கருத்துச் சொல்லியாகிவிட்டது. எழுத்து மட்டும் மருத்துவமனையிலோ பதிவு அலுவலகத்திலோ தட்டச்சு செய்பவர் கைக்குப் போய்விடுகிறது. அவர் தமக்குக் கைப்பழக்கமான எழுத்தைப் போடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. படிவத்தில் பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுக்காதது நம் தவறு.

முன்பு இதைப் பொருட்படுத்தாமல் விட்டாலும் காலம் ஓடியது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதே பெயர், அதில் இருப்பதே பிறந்த தேதி என்று பெரும்பாலான இடங்களில் ஏற்றுக்கொண்டார்கள். இப்போது அப்படி இல்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்த நாள் முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, கடவுச்சீட்டு, ஆதார் என்று எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆவணம். ஆகவே அதில் ஏறும் எழுத்துதான் மற்ற எல்லாவற்றுக்கும் தாய்ப்படி. தமிழ்நாட்டுச் சான்றிதழில் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகிறது என்பதால், முடிவு செய்ய வேண்டிய எழுத்து ஒன்றல்ல, இரண்டு.

முதலில் தமிழ். ‘தமிழில் என்ன குழப்பம், சொல்வதை எழுத வேண்டியதுதானே’ என்பார்கள். ழ, ள, ல வேறுபாட்டை நாவில் இழந்துகொண்டிருக்கும் காலத்தில் சொல்வதை எழுதினால் வேறு பெயர்தான் வரும். மாறன் என்பது பாண்டியருக்கு வழங்கிய பெயர். மாரன் என்றால் மன்மதன். அறன் என்றால் தருமம். அரன் என்றால் சிவன். வளவன் சோழன், வலவன் என்றால் வல்லவன், தேரோட்டி. கனி பழம், கணி என்றால் சோதிடம் கணிப்பவர். இவற்றில் எதை வைத்தாலும் தவறில்லை. தாத்தா நினைத்தது ஒன்று, சான்றிதழில் ஏறியது இன்னொன்று என்று ஆகக் கூடாது, அவ்வளவே. தமிழ்ச்சொல்லாக இருந்தால் அகராதியை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது போதும்.

வடசொல் வழிப் பெயர்களில்தான் அதிகம் சறுக்குகிறோம். அருண், வருண், தருண், கிரண், சரண் எல்லாம் டண்ணகரம் (ண). மூலச்சொற்களான அருணன், வருணன், கிரணம், சரணம் ஆகியவற்றை நினைத்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். நவீன், மோகன், பவன், மதன் றன்னகரம் (ன). பிரவீண் மூலத்தின்படி டண்ணகரம்தான் என்றாலும் ‘பிரவீன்’ என்றே ஊரெல்லாம் எழுதுகிறது; இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே எழுதினால் போதும். பெண் பெயர்களில் ‘ணி’யா ‘னி’யா என்ற கேள்வி அடிக்கடி வரும். பெயருக்குள் முன்னால் ர அல்லது ஷ ஒலி இருந்தால் பெரும்பாலும் ணி: ஹரிணி, ரோகிணி, ருக்மிணி. இல்லையென்றால் னி: நந்தினி, பத்மினி, மோகினி. ரகரத்துக்கும் னகரத்துக்கும் நடுவே ச, ஜ போன்ற மெய் குறுக்கிட்டால் ரகரத்தின் வேலை அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் பிரியதர்ஷினியும் (ஷ என்று எழுதினாலும் மூலத்தில் அது சகர ஒலிதான்) ரஜினியும் ‘னி’. சரண்யா, லாவண்யா இரண்டுக்கும் டண்ணகரம். அனன்யா, தன்யா இரண்டுக்கும் றன்னகரம். இந்த ஒரு பத்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

அடுத்தது ஒற்று. தமிழ்ச்செல்வி, கலைச்செல்வன், முத்துக்குமார் ஆகியவற்றில் வல்லினம் மிகும். அருள், செல்வன் சேர்ந்தால் அருட்செல்வன். பொன், கொடி சேர்ந்தால் பொற்கொடி. ‘தமிழ்செல்வி’ என்று ஒற்றில்லாமல் எழுதப் பழகியவர்கள் ஏராளம். பெயர் என்பது உரியவருடைய உரிமை. இலக்கணம் காட்டி யாரையும் மிரட்ட வேண்டியதில்லை. ஆனால் சான்றிதழில் ஒற்றோடும் ஆதாரில் ஒற்றில்லாமலும் இருந்தால், ஒப்பிட்டுப் பார்க்கிற கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். அதைவிட மோசமானது நடுவில் இடைவெளி விடுவது. ‘தமிழ் செல்வி’ என்று பிரித்துவிட்டால், முன்பெயர், பின்பெயர் என்று கட்டம் போட்ட படிவத்தில் செல்வி தனியாகப் பிரிந்து குடும்பப்பெயராகிவிடும். தமிழ்நாட்டைத் தாண்டினால் அவரைச் செல்வி என்றே கூப்பிடுவார்கள். பெயரைச் சேர்த்து எழுதுங்கள். ஸ்ரீயில் தொடங்கும் பெயர்களுக்கும் இதே எச்சரிக்கை: தனியே நிற்கும் ஸ்ரீயை மரியாதை அடைமொழி என்று நினைத்து வெட்டிவிடவும் ஆள் இருக்கிறது.

ர, ல மொழிக்கு முதலில் வராது என்பது பழைய இலக்கணம். அதனால் இராமசாமி, இலட்சுமி என்று எழுதுவோரும் உண்டு. ராமசாமி, லட்சுமி என்று எழுதுவோரும் உண்டு. தமிழில் பெயர் எழுதும்போது முன்னெழுத்தையும் (இனிஷியல்) தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் ஆணையிட்டிருக்கிறது. தந்தை பெயர் இராமசாமி என்று இருந்தால் குழந்தையின் முன்னெழுத்து ‘இரா.’, ராமசாமி என்றால் ‘ரா.’ எனவே குழந்தையின் பெயருக்கு முன் தந்தை, தாய் பெயர்களின் எழுத்தை முடிவு செய்தாக வேண்டும். ஜெயந்தியா ஜயந்தியா, ரெங்கநாதனா ரங்கநாதனா என்பவையும் இதே வகைதான். இரண்டும் சரி, வீட்டுக்குள் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஷ, ஸ, ஜ, ஹ வைத்தால் தெளிவாக வையுங்கள். வேண்டாம் என்றால் ச, க என்று முழுமையாக மாற்றுங்கள். ஒரே பெயரில் ஓர் ஒலிக்குக் கிரந்தமும் இன்னோர் ஒலிக்குத் தமிழும் என்று கலந்தால், பிள்ளையே பெரியவரானபின் எதுவென்று மறந்துபோகும்.

இனி யாரும் பேசாத ஒன்று. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் பெயர், கணினிக்குள் வேறாக இருக்கலாம். கௌதம், கௌசல்யா, சௌந்தர்யா, மௌனிகா போன்ற பெயர்களில் வரும் ஔகாரக் குறி, பார்க்க ளகரம் போலவே இருக்கும். தட்டச்சு செய்பவர் க, ஒற்றைக்கொம்பு, ள என்று மூன்று விசை தட்டினாலும் திரையில் ‘கௌ’ போலத்தான் தெரியும். அச்சிட்டாலும் தெரியாது. உள்ளே இருப்பது ‘கெள’. தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் வேறிடத்தில் நிற்கும், இன்னோர் ஆவணத்தோடு பொருந்தாது. சோதிக்க எளிய வழி: பெயரைத் திரையில் வைத்து, அந்த எழுத்துக்கு நேர் பின்னால் சுட்டியை நிறுத்தி, அழிக்கும் விசையை ஒருமுறை தட்டுங்கள். மிச்சம் ‘க’ என்று நின்றால் சரியாக இருந்தது. ‘கெ’ என்று கொம்போடு நின்றால் ளகரத்தைத் தட்டியிருக்கிறார்கள். ஔவை என்ற பெயரிலும் இப்படித்தான், ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்துவிடுவது சர்வசாதாரணம்.

இதேபோல் ரகர மெய்யும் துணைக்காலும் குழம்பும். கார்த்திக் என்ற பெயரில் ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில், துணைக்காலைத் தட்டி அதன்மேல் புள்ளி வைத்துவிடுவார்கள். சில எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. எழுத்துருவை மாற்றினால் கால் தனியே நின்று குட்டு உடையும். ஸ்ரீ இன்னும் சிக்கல். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோட்) அதை ஸகரத்தைக் கொண்டும் அமைக்கலாம், ஶகரத்தைக் கொண்டும் அமைக்கலாம். இரண்டும் ஒரே உருவம் காட்டும். கைப்பேசி ஒன்றைத் தரும், அலுவலகக் கணினி மற்றதைத் தரும். இதற்கு வீட்டில் தீர்வு ஒன்றுதான்: சான்றிதழில் ஏறிய பெயரை மின்வடிவிலிருந்து படியெடுத்து ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, பிறகு எங்கே தமிழில் நிரப்பினாலும் அதையே ஒட்டுவது.

ஆங்கிலத்துக்கு வருவோம். ஒரு சிறு ஏற்பாடு: ஆங்கில எழுத்துகளைத் தமிழில் குறிக்கும்போது டீக்கடையின் முதலெழுத்தை ‘டீ’ என்றும், டில்லியின் முதலெழுத்தை ‘டி’ என்றும் எழுதுகிறேன்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு அரசே சாட்சி. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்தார்கள். வேலூருக்கு வி-க்குப் பின் இரண்டு ஈ போட்டார்கள். ஆங்கிலம் படித்தவர் எவரும் அதை ‘வீலூர்’ என்றுதான் படிப்பார். தூத்துக்குடிக்கு டீ எச் இரண்டு முறை வந்தது. கேலி கிளம்பி, சில நாள்களிலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். நோக்கம் நல்லதுதான். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்து என்று கணக்குப் போட்டதில்தான் கோளாறு. ஆங்கிலத்தில் அந்த எழுத்துச் சேர்க்கையை மற்றவர் எப்படிப் படிப்பார் என்பதே கேள்வி.

தகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் த என்றால் டீ எச், ட என்றால் டீ என்று வைத்திருக்கிறோம். வடக்கே தகரத்துக்கு வெறும் டீ போதும்; டீ எச் என்றால் அவர்களுக்கு மூச்சு அழுத்தி ஒலிக்கும் வேறு எழுத்து. அதனால்தான் நம் கவிதாவுக்கு எச் உண்டு, அங்குள்ள கவிதாவுக்கு இல்லை. தமிழ்நாட்டில் வாழப்போகிற குழந்தைக்கு எச் சேர்ப்பதே நல்லது. இல்லாவிட்டால் இங்குள்ளவர்கள் ‘கவிட்டா’ என்பார்கள். நடுவில் மென்மையாக ஒலிக்கும் தகரத்துக்கு டி எச் பொருத்தம்: சுதா, மது, நந்தினி. நந்தினியில் பலர் எச் இல்லாமல் டி மட்டும் போடுகிறார்கள், அதுவும் ஊரறிந்த வடிவம்தான். த்த என்று இரட்டித்தாலும் டீ எச் ஒருமுறை போதும். முத்துவையும் கார்த்திக்கையும் யாரும் தப்பாகப் படிப்பதில்லை.

ககரத்துக்கு மூன்று வழி. மகிழினியில் நடு எழுத்துக்கு கே, ஜி, எச் மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. ழகரத்துக்கு இசட் எச் அல்லது எல். ஆக ஒரு பெயருக்கு ஆறு வடிவம். உயிருக்கு இடையில் வரும் ககரம் நம் வாயில் மெலிந்துதான் ஒலிக்கிறது. கே போட்டால் வெளியார் வல்லெழுத்தாக ‘மக்கிழினி’ என்று அடிப்பார்கள். ஜி போடுவதே என் பரிந்துரை. அகிலன், முகிலன் எல்லாவற்றுக்கும் அதுவே. சகரத்தில் உங்கள் வீட்டு உச்சரிப்புதான் நீதிபதி. சேரன், செழியன் என்பவற்றை ‘ச்சே’ என்று அழுத்திச் சொன்னால் சி எச், மெல்லச் சொன்னால் எஸ். கலைச்செல்வியில் ஒலிப்பது சி எச் தான் என்றாலும் எஸ் போட்டு எழுதுவதே பரவலாக நிலைத்துவிட்டது; அதை மாற்றப் புறப்பட்டால் பிள்ளை ஆயுள் முழுக்க எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கும்.

ழகரம் தனிக்கதை. இசட் எச் என்பது தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான வழக்கம். கோழிக்கோடும் ஆலப்புழையும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. இந்த இரண்டு மொழிக்காரரைத் தவிர மற்றவர் எவரும் அதை ழ என்று படிக்க மாட்டார். யாழினியை ‘யாஸினி’ என்பார், எழிலை ‘எஸில்’ என்பார். எல் போட்டால் வெளியார் வாயில் யாலினி வரும், காதுக்கு அவ்வளவு உறுத்தாது. ஆனால் அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் திருப்பி எழுதும் அலுவலகம் யாலினி, யாளினி என்று எழுதிவிடும். ஈழத்தமிழர் யாழ் என்பதற்கு ஆர் எல் சேர்த்து எழுதும் வழக்கம் ஒன்றும் உண்டு. அறிஞர்கள் எல்-க்குக் கீழே கோடு போடுவார்கள். அதைக் கடவுச்சீட்டில் எதிர்பார்க்காதீர்கள். அதன் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு ஏ முதல் இசட் வரையான 26 எழுத்தைத் தவிர வேறெந்த எழுத்துக்கும் இடமில்லை. குழந்தை தமிழ் மண்ணில் வளரப்போகிறது என்றால் இசட் எச்சுக்கே என் வாக்கு. பெயரில் ழ இருக்கிறது என்பதற்கு ஆங்கிலத்தில் நிற்கும் ஒரே சாட்சி அதுதான். வெளிநாட்டில் வளரும் குழந்தையாக இருந்தால், தினமும் பெயரைத் திருத்திச் சொல்ல அதற்குப் பொறுமை இருக்குமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

நெடிலுக்கு இரண்டு ஏ போடலாமா? பெரும்பாலும் தேவையில்லை. ராஜாவுக்கும் மாலாவுக்கும் ஒன்றே போதும், பழகிவிட்டது. பொருள் மாறும் இடத்தில் மட்டும் போடுங்கள். பாரி என்ற வள்ளலின் பெயரை ஒரே ஏ வைத்து எழுதினால் ‘பரி’ ஆகும். இந்தியில் அது தேவதைப் பெண். ஆண்பிள்ளைக்கு இரண்டு ஏ போடுவது நல்லது. ஆதிரைக்கு முதலில் ஓர் ஏயா இரண்டா, நடுவில் டீ எச்சா டி எச்சா என்று நான்கு வடிவம் வரும். ஏகாரத்துக்கு இரண்டு ஈ மட்டும் வேண்டவே வேண்டாம், வேலூரை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நுணுக்கம்: இலக்கியா போன்ற பெயர்களில் பெரிய ஐ-யும் அடுத்து வரும் சின்ன எல்-லும் பல எழுத்துருக்களில் வெறும் இரண்டு கோடுகள்தான். அதைப் பார்த்துப் படியெடுப்பவர் இரண்டு எல் என்று எழுதிவிடுவார். இப்பெயர்களைப் படிவத்தில் எப்போதும் முழுதும் பெரிய எழுத்தில் நிரப்புங்கள்.

எண்கணித சோதிடம் பார்ப்பவர்களைத் தடுக்க என்னால் முடியாது. சேதம் குறைய ஒரு வழி சொல்லலாம். இங்கே பரவலாகப் பின்பற்றும் கல்தேய முறையில் ஏ, ஐ, ஜே, கியூ, ஒய் ஆகியவற்றுக்கு மதிப்பு 1. ஈ, எச், என், எக்ஸ் ஆகியவற்றுக்கு 5. எந்த எழுத்துக்கும் 9 கிடையாது. கூட்டுத்தொகையை ஒன்று ஏற்ற ஓர் ஏ-யும், ஐந்து ஏற்ற ஓர் எச்சும் செருகுவது அதனால்தான். ஏ-யை ஏற்கெனவே இருக்கும் ஏ-யோடு சேர்த்து இரட்டிப்பது உச்சரிப்பை அதிகம் கெடுக்காது. எச் அப்படியல்ல, டீ, டி, எஸ், கே எதன் பக்கத்தில் போய் நின்றாலும் அந்த மெய்யின் ஒலியையே மாற்றிவிடும். கணக்குப் பார்ப்பதாக இருந்தால் பதிவுக்கு முன்பே பார்த்து முடித்துவிடுங்கள். பத்து வயதில் ஒருவர் வந்து ‘இன்னோர் எச் சேர்த்தால் யோகம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆவணங்களோடு அலைவது பிள்ளைதான்.

அடுத்து முன்னெழுத்து. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரை முன்னெழுத்து இல்லாமல் பதியுங்கள். தாய், தந்தை பெயர்களுக்குத் தனி இடம் அங்கேயே இருக்கிறது. கடவுச்சீட்டில் முன்னெழுத்தை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். வருமான வரி நிரந்தரக் கணக்கு எண் படிவத்திலும் அப்படியே. அப்போது தந்தையின் அல்லது தாயின் முழுப்பெயர் குடும்பப்பெயர் கட்டத்துக்குப் போகும். அந்தப் பெயர் அவர்களுடைய சொந்த ஆவணங்களில் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். தந்தையின் ஆதாரில் ஒரு விதம், கடவுச்சீட்டில் வேறு விதம் என்றால், அந்தக் குழப்பம் பிள்ளைக்கும் பரம்பரைச் சொத்தாகப் போய்ச் சேரும்.

‘ஒரே பெயர் போதும், பின்பெயர் எதற்கு’ என்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். குடும்பப்பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு, கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் வைத்திருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவில் முன்பெயர் கட்டம் காலியாக இருந்தால், ‘முன்பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கமான மூன்று எழுத்தை அங்கே நிரப்பிவிடுவார்கள். பிறகு அந்த மூன்று எழுத்தே பெயராகி வங்கி அட்டை வரை வந்து நிற்கும். கடவுச்சீட்டின் இயந்திர வரியில் பெயருக்கு 39 இடம்தான். மேற்குறி விடுபடும், இணைப்புக்கோடு இடைவெளியாகிவிடும். பெயருக்குள் கோடும் குறியும் வேண்டாம் என்பது இதனால்தான்.

பெயரெழுத்து முடிவானதும் இரண்டு சோதனை செய்யுங்கள். தமிழ் தெரியாத ஒருவரிடம் ஆங்கில எழுத்தை மட்டும் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அவர் சொல்வது அடையாளம் தெரிகிற அளவுக்கு இருந்தால் போதும், ழகரம் கச்சிதமாக வர வேண்டியதில்லை. பிறகு தமிழர் ஒருவரிடம் தொலைபேசியில் பெயரைச் சொல்லி, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் எழுத்தோடு இரண்டு இடத்துக்கு மேல் வேறுபட்டால், நீங்கள் தேர்ந்தது ஊர் வழக்குக்குத் தூரமானது என்று பொருள். பிடிவாதமாக அதையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் தெரிந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு நடைமுறை சுருக்கமாக. பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமலே பதியலாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆகவே மருத்துவமனையில் அவசரப்பட்டு வாய்மொழியாகப் பெயர் சொல்லாதீர்கள். வெள்ளைத்தாளில் தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி, பெற்றோர் பெயர்கள் அவரவர் ஆவணத்தில் உள்ளபடி என்று எழுதிக் கொடுங்கள். சான்றிதழ் வந்த அன்றே எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

சட்டத்தின் 15ஆம் பிரிவு, பதிவேட்டில் நேர்ந்த எழுத்துப்பிழையைத் திருத்தப் பதிவாளருக்கு அதிகாரம் தருகிறது. மூலப்பதிவு அப்படியே இருக்கும், திருத்தம் ஓரத்தில் ஏறும். பதிவாளர் செய்த பிழை வேறு, பெற்றோர் மனம் மாறியது வேறு. பின்னது அந்தப் பிரிவுக்குள் வராது. வயது வந்தபின் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிடலாம் என்றாலும், அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆவணமாகத் தனித்தனியே மாற்ற வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். அதில் ஒன்றைக் குழந்தைப் பருவத்திலேயே செலவழித்துவிட்டால், பிறகு தேவைப்படும்போது கையில் ஒன்றுதான் மிஞ்சும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கச் சொல்வார்கள். அப்போது பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். பிள்ளை ‘சரியாத்தான் இருக்கு’ என்று சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதிவுத் துறைக்கு ஒரு வேண்டுகோள். பதிவை முடிக்கும் முன், பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு மாதிரித் தாளைப் பெற்றோரிடம் காட்டிக் கையொப்பம் வாங்கும் முறையை எல்லா அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கட்டாயமாக்கலாம். ஒரு தாள் செலவு. பின்னால் வரும் திருத்த விண்ணப்பங்களில் பெரும்பகுதி குறையும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒன்று. குழந்தைப் பெயர்ப் பட்டியல்களை வெளியிடும்போது பொருளோடு, பரிந்துரைக்கும் ஆங்கில எழுத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். ழ, ள, ல, ண, ன, ற, ர இருக்கும் பெயர்களை அச்சுக்கு முன் தமிழறிந்த ஒருவர் பார்த்துவிடட்டும். அந்தப் பட்டியலை வெட்டி எடுத்து அப்படியே பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்